ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பிள்ளைகள்

தமிழ்நாட்டில் மருத்துவ மாணவர் சேர்க்கைக்கு விதி வகுப்போருக்கும் கலந்தாய்வு நடத்துவோருக்கும்,

தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்தவரை நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது அந்தக் கட்டு இல்லை. அடுத்த சேர்க்கைக்கான கையேடு அச்சாவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னிடம் பிளஸ் டூ படித்த இரண்டு பெண்கள் 2025இல் நீட் எழுதினார்கள். இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் அரசுப் பள்ளி. இரண்டு பேருக்கும் அம்மாதான் சம்பாத்தியம். பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் சுற்றுகிறவர்கள். கடைசி வரிசைக்கு முந்தைய பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி புத்தகம் கொண்டுவராத நாளில் மற்றவள் புத்தகம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கும்.

அந்த ஆண்டு பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 720க்கு 113. என் மாணவிகள் இரண்டு பேருமே நானூறுக்குச் சற்றுக் கீழே வாங்கியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஏழு மதிப்பெண்தான் வித்தியாசம். லட்சங்களைக் கொட்டிக் கோச்சிங் போன பிள்ளைகளோடு வைத்துப் பார்த்தால் சுமாரான மதிப்பெண்தான். கோச்சிங் பக்கமே போகாமல், மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளியில் நாங்கள் நடத்திய வகுப்பையும் பழைய வினாத்தாள்களையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் எடுத்த அந்த மதிப்பெண்ணை நான் சுமார் என்று சொல்ல மாட்டேன்.

ஏழு மதிப்பெண் குறைவாக எடுத்தவள் இன்று எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். அவளுடைய கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையவை. கூடுதலாக எடுத்தவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள்.

காரணம் இதுதான். முதலாமவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. இரண்டாமவள் ஊரில் இருந்தது அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றுதான். எட்டு வரை அங்கே படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு எங்களிடம் வந்தாள். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷப் படிப்புச் சான்றில் 'அரசு உதவிபெறும்' என்ற சொல் இருந்ததால் அவள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

"ஏட்டி, நீ ஏன் முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. "எங்கூர்ல இருக்கது அந்த ஒரு பள்ளிக்கூடந்தான டீச்சர். அது அரசுப் பள்ளிக்கூடம் இல்லன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? புஸ்தகம், சோறு, செருப்பு எல்லாம் கவர்மென்ட்டுதான குடுத்தது" என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் வந்து பாருங்கள். நூறு வருஷத்துக்கும் முன்பு மிஷன்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் தொடங்கிய பள்ளிகள்தான் பல கிராமங்களில் இன்றைக்கும் ஒரே பள்ளி. அவை இருந்ததால்தான் அரசு அங்கே தனியாகப் பள்ளி கட்டவில்லை. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பாடநூல் அரசுடையது, சத்துணவு அரசுடையது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் இதே அரசு நீட்டித்தது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் அந்த ஆண்டு டிசம்பரில் விரிவாக்கியது. பசி என்று வரும்போது அவள் அரசின் பிள்ளை. கல்லூரிக்குப் போக மாதம் ஆயிரம் என்று வரும்போதும் அரசின் பிள்ளை. மருத்துவ இடம் என்றால் மட்டும் அவள் எப்படி வெளியாள் ஆனாள்?

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த உள் ஒதுக்கீட்டைக் கொண்டுவந்த 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்த உள் ஒதுக்கீடு கிடைக்கும். கிடைக்கட்டும், அந்தப் பிள்ளையும் ஏழைதான். ஆனால் நகரத்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் எட்டு வரை படித்தவர் உள்ளே வர முடியும், குளத்தங்கரை ஓட்டுக் கட்டடத்தில் எட்டு வரை படித்தவள் வர முடியாது என்பதை அவள் அம்மாவிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது?

7.5 சதவீத ஒதுக்கீட்டை நான் குறை சொல்ல வரவில்லை. அது வருவதற்கு முன் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களின் எண்ணிக்கை மாநிலம் முழுவதற்குமே ஒற்றை இலக்கத்தில் இருந்த ஆண்டுகள் உண்டு. சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே அது முந்நூறைத் தாண்டியது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் ஆசிரியர் அறையில் அழுதவர்களில் நானும் ஒருத்தி. இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது பத்து சதவீதம்; அரசு கொடுத்தது ஏழரை. மிச்சம் இரண்டரை இன்னும் இருக்கிறது என்பதை நினைவுபடுத்துகிறேன். 2022 ஏப்ரலில் இந்த ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், ஐந்து ஆண்டுகளில் இதை மறு ஆய்வு செய்யவும் சொன்னது. மறு ஆய்வு என்றால் ஒதுக்கீட்டை எடுப்பது என்று பொருள் கொள்ளாதீர்கள். விட்டுப்போனவர்கள் யார் என்று பார்க்கவும் அதுதான் நேரம்.

உதவிபெறும் பள்ளி என்றால் சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் பேர்போன பள்ளிகளும் அதில் வரும், அவர்கள் எல்லா இடத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார். நியாயமான கவலை. அதனால்தான் எல்லாரையும் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. எட்டு வரை உதவிபெறும் பள்ளியில் படித்து, பின்னர் நான்கு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்தவர்களைச் சேருங்கள் என்று கேட்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்துப் பிள்ளைக்கு எந்த அளவுகோலோ அதே அளவுகோல். சட்டத்தின் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

உள் ஒதுக்கீடு கையைவிட்டுப் போன பிறகு அவளுக்கு மற்ற வாசல்கள் எப்படி இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். நடு மதிப்பெண் வாங்கிய ஒவ்வொரு பிள்ளையும் மோதித் திரும்பும் வாசல்கள் அவை.

பொதுப் பட்டியலில் அவள் பெயர் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பின்னால் இருந்தது. இணையத்தில் கல்லூரி விருப்பம் பதிவு செய்ய அவளும் அம்மாவும் பஸ் ஏறிப் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவில், எந்த எண்ணோடு முடிந்தது என்று அங்கே இருந்த தம்பிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. யூடியூபில் ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறு சொன்னார். விருப்பப் பட்டியலில் அரசுக் கல்லூரிகளை மட்டும் வரிசையாகப் போட்டுவிட்டு வந்தாள். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத்தான் இந்தப் பட்டியலைப் போடத் தெரிய வேண்டும். அறுநூறு எடுத்தவன் எப்படிப் போட்டாலும் எங்காவது கிடைத்துவிடும்.

பிந்தைய சுற்று ஒன்றில் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டுப் பல் மருத்துவ இடம் வந்தது. சேர்ந்துவிடச் சொன்னேன். கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு லட்சங்களில். அது தவிர விடுதி, உணவு, பேருந்து, வைப்புத்தொகை என்று கல்லூரியிலிருந்து தொலைபேசியில் ஒரு பட்டியல் படித்தார்கள். எழுதித் தாருங்கள் என்றேன், தரவில்லை. கையில் இருந்தது சில நாட்கள். வங்கிக்குப் போனோம். ஏழரை லட்சம் வரைதான் சொத்து ஈடு இல்லாமல் கல்விக் கடன். அதற்கு மேல் பத்திரம் வேண்டும் என்றார்கள். அவர்களிடம் இருந்தது புறம்போக்கில் ஒரு தகர வீடு. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அவள் அம்மா எனக்குப் போன் செய்து, "விட்ருங்க டீச்சர், நீங்க அலைஞ்சது போதும்" என்றார்.

சுயநிதி மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். இடத்துக்கே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல். நிர்வாக ஒதுக்கீடு அதைப் போல் மூன்று மடங்கு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருபது லட்சத்தைத் தாண்டி எங்கேயோ நிற்கின்றன. ஆக, நீட்டில் தகுதி பெற்றவர் என்று ஒரு மாநிலத்துப் பிள்ளைகளை எல்லாம் ஒரே சொல்லில் சொல்கிறோமே, பணம் இருந்தால் தகுதி மதிப்பெண்ணுக்கு ஒட்டிய மதிப்பெண்ணிலும் டாக்டர் ஆகலாம், பணம் இல்லாவிட்டால் அதைப் போல் மூன்று மடங்கு எடுத்தும் பீடி சுற்றலாம். 2022 பிப்ரவரி 3 அன்று தேசிய மருத்துவ ஆணையம், தனியார் மருத்துவக் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் பாதி இடங்களுக்கு அந்த மாநில அரசுக் கல்லூரிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. எங்கள் பிள்ளைகள் யாரும் அந்தக் கட்டணத்தில் அங்கே சேர்ந்து நான் பார்க்கவில்லை.

இனி நாட்காட்டி. கலைக் கல்லூரிகள் ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் திறந்துவிடுகின்றன. பொறியியல் கலந்தாய்வு ஆகஸ்டில் பெரும்பாலும் முடிந்துவிடும். மருத்துவம் சுற்று மேல் சுற்றாக அக்டோபர், நவம்பர் வரை போகும். சித்தா, ஓமியோபதி அதற்கும் பின்னால். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இடம் அவளுக்கு ஜூனிலேயே கிடைத்திருந்தது. அடுத்த சுற்றில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அதை விட்டாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவளும் நானே. பல் மருத்துவ இடம் போனபோது வேறு எந்த இடமும் மிச்சம் இல்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் புத்திசாலித்தனமாகத் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்துகொண்டே காத்திருந்தான். சித்தா கலந்தாய்வுக்கு அசல் சான்றிதழ் கேட்டபோது, நான்கு வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள் அந்தக் கல்லூரியில். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்த தாளை அவன் அப்பா அங்கே காட்டவே பயந்தார்.

நர்சிங், பார்ம்.டி. இவற்றுக்கெல்லாம் பிளஸ் டூ மதிப்பெண் போதும். கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்கும் அப்படித்தான். சித்தாவுக்கும் ஓமியோபதிக்கும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். இந்த நான்கு வரியைத் தெரிந்துகொள்ள எங்கள் பெற்றோர் ஓர் ஆண்டைத் தொலைக்கிறார்கள். வெள்ளை அங்கி என்றால் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று நாங்களும் வகுப்பில் சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை ஒருமுறைகூட நான் அங்கே கூட்டிப்போய்க் காட்டியதில்லை. அந்தக் குற்றத்தில் என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லா வாசலும் அடைபட்ட பிறகு வருகிறவர்தான் ஏஜென்ட். தரவரிசைப் பட்டியல் வந்த வாரத்திலிருந்தே அவள் அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது. அந்த எண் அவர்களுக்கு எப்படிப் போனது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கிர்கிஸ்தான், ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ்; இருபது லட்சத்தில் டாக்டர்; நீட்டில் பாஸ் ஆனால் போதும். என் பழைய மாணவி ஒருத்தியின் அண்ணன், அரை ஏக்கர் வயலை விற்று அப்படிப் போனவன், திரும்பிவந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய தகுதித் தேர்வை மூன்று முறை எழுதிவிட்டான். முந்நூறுக்கு நூற்றைம்பது எடுக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தில் போகிறது. எழுதுகிறவர்களில் நான்கில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்ற அளவில்தான் பல தடவை தேறுகிறார்கள். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலவழியில் இருக்க வேண்டும், அங்கேயே ஓராண்டுப் பயிற்சி, இங்கே வந்தும் ஓராண்டுப் பயிற்சி என்று 2021 நவம்பரில் வந்த ஒழுங்குமுறை சொல்கிறது. பணம் வாங்கியவர் இதில் ஒரு வரிகூட அவர்களிடம் சொல்லவில்லை. 2022இல் உக்ரைன் போரின்போது பிள்ளைகள் குண்டுகளுக்கு நடுவே சிக்கியதைப் பார்த்தோம். அவர்களில் பெரும்பாலானோர் ஆசைக்காகப் போனவர்கள் இல்லை, இங்கே இடமும் பணமும் ஒன்றாகச் சேராததால் போனவர்கள்.

நீட் விலக்கு வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லாதீர்கள். 2021இலும் 2022இலும் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் நான் மேலே எழுதியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டெல்லியின் கையெழுத்து தேவையில்லை.

என் கோரிக்கைகள் இவை.

எட்டாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளியிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலும் படித்தவர்களை 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்க்கச் சட்டத் திருத்தம் கொண்டுவாருங்கள். அதை முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்து மீண்டும் நீட் எழுதுகிறவர்களுக்கும் பொருந்தச் செய்யுங்கள். ஊரில் வேறு பள்ளியே இல்லாததால் பன்னிரண்டு வரையிலும் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களின் நிலையை ஆராய்ந்து, கலையரசன் ஆணையம் சொன்ன பத்து சதவீதத்தில் மிச்சமுள்ள இரண்டரையை அவர்களுக்கு எப்படித் தரலாம் என்று மறு ஆய்வில் முடிவு சொல்லுங்கள். அதுவரை, ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையின்போதே ஒவ்வொரு பெற்றோரிடமும் இந்த விதியைச் சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

முந்தைய மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணையும் தரவரிசை எண்ணையும், அந்தக் கல்லூரியில் படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தச் செலவையும் தமிழில் ஒரே புத்தகமாக அச்சிட்டு, ஏப்ரலில் எல்லா மேல்நிலைப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். அதன் முதல் பத்துப் பக்கத்தில் நீட் இல்லாமல் சேரக்கூடிய மருத்துவம் சார்ந்த படிப்புகளைப் போடுங்கள். அறிவித்த கட்டணத்துக்கு மேல் கேட்கும் கல்லூரி மீது, பிள்ளையின் பெயர் வெளியே தெரியாமல் புகார் சொல்ல வழி வையுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால், கட்டணத்துக்கு அரசே வங்கிக்கு உத்தரவாதம் கொடுங்கள். கடன் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை அந்த இடத்தை ரத்து செய்யாதீர்கள். பாதி இடங்களுக்கு அரசுக் கட்டணம் என்ற வழிகாட்டுதலில் தமிழ்நாட்டின் நிலைப்பாடு என்ன என்று வெளிப்படையாக அறிவியுங்கள்.

சித்தா, ஓமியோபதி கலந்தாய்வை எம்.பி.பி.எஸ். கலந்தாய்வோடு ஒட்டி நடத்துங்கள். மருத்துவம் சார்ந்த படிப்புக்கு மாறும் மாணவரின் அசல் சான்றிதழைத் தர மறுக்கும் கல்லூரியில் மாவட்ட ஆட்சியர் ஒரே நாளில் தலையிட உத்தரவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரியே இல்லாத ஆறு மாவட்டங்களில் எங்கள் தென்காசியும் ஒன்று. கலந்தாய்வு நடக்கும் மாதங்களிலாவது இந்த ஆறு மாவட்டங்களிலும் ஓர் உதவி மையம் திறந்து, விதி தெரிந்த ஒருவரைக் காலை முதல் மாலை வரை உட்காரவையுங்கள். வெளிநாடு போக நினைக்கிறவர்களும் முதலில் அந்த மேசைக்கு வந்து, ஏஜென்ட் கொடுத்த தாளைக் காட்டிக் கேட்கட்டும்.

அவள் மறுபடியும் நீட் எழுதப்போகிறாள். பகலில் பீடி, இரவில் நான் கொடுத்த பழைய புத்தகங்கள். இந்த முறை எத்தனை மதிப்பெண் எடுத்தாலும், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புச் சான்று மாறாது. மாற்றக்கூடியது உங்கள் விதி மட்டும்தான். அடுத்த கையேடு வெளிவரும் முன் அதை மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
தென்காசி மாவட்டம்